எண்ணெயையும் புளிக்காடியையும் இணைப்பது எது?
பாலாடைக்கட்டி - பூண்டு வினிகிரெட்டில் ஓர் அறிவியல் பாடம்

ஒரே வீட்டில் இருந்தும் ஒட்டாமல் வாழ்பவர்களை ‘எண்ணெயும் தண்ணீரும் போல’ என்று சொல்வது நம் வழக்கம். அந்த இரண்டையும் சில நிமிடங்களில் ஒட்ட வைத்துவிடலாம். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கிண்ணம், ஒரு முள்கரண்டி, கொஞ்சம் கடுகு விழுது போதும்.

இந்த வாரம் நாம் செய்யப்போவது வினிகிரெட். எண்ணெயையும் புளிக்காடியையும் அடித்துக் கலந்து, பச்சைக் காய்கறிக் கலவையின் மேல் ஊற்றிப் பரிமாறும் சாறு இது. பேரங்காடியில் சாலட் வகைகளுக்கென்று புட்டிகளில் விற்கப்படுகிறது. அதையே பாலாடைக்கட்டியும் பூண்டும் சேர்த்து வீட்டில் செய்யலாம். செய்யும்போது பால்மம், நொதி, அமிலம், பரப்பளவு என்று நீங்கள் வகுப்பில் படித்த நான்கு பாடங்கள் அந்தக் கிண்ணத்திற்குள் வந்துவிடும். பூண்டையும் எண்ணெயையும் சேர்த்துச் சேமிப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பலர் வீட்டில் பூண்டை அரைத்து, எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் உண்டு. ஆகவே பெற்றோரும் இந்தக் கட்டுரையைப் படிப்பது நல்லது.

நாம் சுக்கா என்றும் வினிகர் என்றும் சொல்வதையே இங்கே புளிக்காடி என்று எழுதுகிறேன். தொடக்கப்பள்ளி அறிவியலில் நீங்கள் படித்த சொல் அதுதான்.

ஏன் ஒட்டுவதில்லை?

நீர் மூலக்கூற்றின் ஒரு முனையில் சிறிதளவு நேர்மின்னூட்டமும் மறுமுனையில் சிறிதளவு எதிர்மின்னூட்டமும் உண்டு. அதனால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் மூலக்கூறு அப்படியல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலிகள் அதில் உள்ளன. அந்தச் சங்கிலிகளில் குறிப்பிடத்தக்க மின்முனைகள் இல்லை. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளிவிடுகின்றன. எண்ணெய் நீரை வெறுக்கிறது என்று சொல்வதைவிட, நீர் தன் இனத்தை அதிகம் விரும்புகிறது என்று சொல்வதே சரி.

தள்ளப்பட்ட எண்ணெய் ஏன் மேலே மிதக்கிறது? அதற்குக் காரணம் அடர்த்தி. சமையல் எண்ணெய் ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய 0.92 கிராம் எடை இருக்கும். புளிக்காடி 1 கிராமைச் சற்றே தாண்டும். குறைந்த அடர்த்தி உள்ளது மேலே நிற்கிறது.

இரண்டையும் புட்டியில் ஊற்றிக் குலுக்கினால் சில நொடிகளுக்கு ஒன்றாகக் கலங்கித் தெரியும். ஒரு திரவம் சிறு துளிகளாக உடைந்து மற்றொன்றுக்குள் பரவி நிற்கும் இந்த நிலையைப் பால்மம் என்கிறோம். இடைநிலைப்பள்ளிப் பாடநூலில் எமல்ஷன் என்று படிப்பதும் இதுவே. பால் ஒரு பால்மம். மயோனேஸ் ஒரு பால்மம். நாம் செய்யும் வினிகிரெட்டும் அப்படித்தான். ஆனால் வெறும் எண்ணெயும் புளிக்காடியும் சேர்ந்த பால்மம் சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

ஒரு கிண்ணத்திற்குள் ஒரு வகுப்பறைத் தரை

ஏன் தாங்குவதில்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் செய்முறையில் 90 மில்லிலிட்டர் எண்ணெய் இருக்கிறது. அது முழுவதும் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 97 சதுரச் சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

இப்போது அதே எண்ணெயை 0.01 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைப்போம். கோளத்தின் மேற்பரப்பைக் கொள்ளளவால் வகுத்தால், 6-ஐ விட்டத்தால் வகுத்த விடை கிடைக்கும். அதைக் கொண்டு கணக்கிட்டால் எல்லாத் துளிகளின் மொத்த மேற்பரப்பு 54 சதுர மீட்டர். 9 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வகுப்பறையின் தரை அவ்வளவு இருக்கும். துளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 170 பில்லியன்.

நீரும் எண்ணெயும் தொட்டுக்கொள்ள விரும்பாத பரப்பு ஒரு கிண்ணத்திற்குள் 5,500 மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. முள்கரண்டியால் அடிக்கும்போது உங்கள் கை வலிக்கிறதல்லவா? அந்த ஆற்றலின் ஒரு பகுதி இந்தப் பரப்பை உருவாக்கச் செலவாகிறது. கையை எடுத்தவுடன் துளிகள் மீண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. இயற்கை எப்போதும் செலவு குறைந்த நிலையைத்தான் நாடும்.

துளி எவ்வளவு சிறிதோ, அவ்வளவு மெதுவாக மேலே ஏறும். விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், ஏறும் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே நன்றாக அடிப்பது பாதி வேலை. அடித்து உடைத்த துளிகள் மீண்டும் சேராமல் தடுப்பது மீதிப் பாதி. அதைச் செய்யும் பொருளைப் பால்மமாக்கி என்கிறோம்.

கடுகு என்ன செய்கிறது?

பால்மமாக்கி என்பது இரண்டு வீட்டுக்கும் வேண்டிய உறவுக்காரர் போன்றது. அதன் மூலக்கூற்றில் ஒரு பகுதி நீரை நாடும், மறுபகுதி எண்ணெயை நாடும். அது எண்ணெய்த் துளியின் மேல் ஓர் உறைபோலப் படிந்து, பக்கத்துத் துளியோடு சேரவிடாமல் தடுக்கும். மயோனேஸில் முட்டை மஞ்சள்கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும் இந்த வேலையைச் செய்கின்றன. நம் கிண்ணத்தில் பச்சை முட்டை இல்லை. கடுகுதான் அந்த இடத்தை நிரப்புகிறது.

கடுகு விதையின் தோலில் வழுவழுப்பான பசைப்பொருள் உண்டு. சர்பத்தில் போடும் சப்ஜா விதை ஊறும்போது அதைச் சுற்றி ஒரு கூழ் உருவாகுமே, ஏறக்குறைய அது போன்றது. இந்தப் பசை நீரைக் கெட்டியாக்குகிறது. துளிகள் நகர்ந்து ஒன்றையொன்று சந்திக்க அதிக நேரம் எடுக்கின்றன. கடுகின் புரதங்கள் துளியின் மேல் படிகின்றன. அரைபட்ட நுண்துகள்களும் எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் போய் உட்கார்ந்துகொண்டு வேலிபோல் காக்கின்றன. திடத்துகள்களால் காக்கப்படும் இத்தகைய பால்மங்களைப் பிக்கரிங் பால்மம் என்பார்கள். 1907-இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய வேதியியலாளர் பிக்கரிங்கின் பெயரால் வந்தது அது.

கடையில் வாங்கும் கடுகு விழுது இல்லையென்றால் நம் தாளிப்புக் கடுகையே பயன்படுத்தலாம். ஒரு தேக்கரண்டிக் கடுகைப் பொடித்து, முதலில் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். அதன் பிறகே புளிக்காடியைச் சேர்க்க வேண்டும். கடுகின் காரத்தை உருவாக்குவது ஒரு நொதி. அது வேலை செய்ய நீர் தேவை. அமிலம் அதைத் தடுத்துவிடும். இதே கதை பூண்டிலும் வரப்போகிறது.

பாலாடைக்கட்டியின் இரண்டு வேலைகள்

இந்தச் சாற்றுக்குப் பர்மேசான் போன்ற கெட்டியான, முதிர்ந்த பாலாடைக்கட்டி பொருத்தமானது. அதன் முதல் வேலை சுவை. இத்தாலியின் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொடேனா ஆகிய பகுதிகளில் செய்யப்படும் மூலவகையை விற்பனைக்கு விடுவதற்கு முன் குறைந்தது 12 மாதம் முதிர வைக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்தில் நொதிகள் பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி அமினோ அமிலங்களாக்குகின்றன. அவற்றில் ஒன்று குளூட்டமிக் அமிலம். 100 கிராம் பர்மேசானில் தனித்த குளூட்டமேட் 1 கிராமுக்கும் மேல் இருக்கும்.

1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனாயே இக்கேடா, கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். அந்தச் சுவைக்கு அவர் வைத்த பெயர் உமாமி. நம் சமையலறையில் பலருக்குப் பழக்கமான அஜினோமோட்டோ அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. முதிர்ந்த பாலாடைக்கட்டியைத் துருவிப் போடும்போது அதே சுவைப்பொருளை இயற்கையான வடிவில் சேர்க்கிறோம். பர்மேசானைக் கடிக்கும்போது நறநறவென்று வெண்மணிகள் அகப்பட்டால் அது உப்பு என்று எண்ண வேண்டாம். டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் படிகங்கள் அவை.

இரண்டாவது வேலை, பால்மத்தைத் தாங்குவது. பாலின் கேசீன் புரதத்திற்கு நீரை நாடும் பகுதியும் கொழுப்பை நாடும் பகுதியும் உண்டு. நுண்ணியதாகத் துருவிய பாலாடைக்கட்டி சாற்றைக் கெட்டியாக்கி, துளிகளின் நடமாட்டத்தையும் குறைக்கிறது. பன்னீரைப் போட்டால் என்ன? அது முதிராதது. புரதம் வெட்டுப்படவில்லை. ஆகவே அந்த உமாமிச் சுவை கிடைக்காது.

புளிக்காடியில் பால் ஊற்றினால் திரிகிறது. பாலாடைக்கட்டி ஏன் திரிவதில்லை என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பாலாடைக்கட்டி என்பதே ஏற்கெனவே திரிந்த பால்தான். தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பால்மரத்திலிருந்து எடுத்த ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றி உறைய வைத்த கதையைச் சொல்வார்கள். ரப்பர்த் துகளைச் சுற்றியுள்ள புரத உறையில் எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தை நீக்கியதும் துகள்கள் மோதிச் சேர்ந்து கட்டியாகின்றன. பால் திரிவதும் அதே தத்துவம்தான்.

சைவ உணவு உண்பவர்களும் முஸ்லிம் நண்பர்களுக்குப் பரிமாறுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலை உறைய வைக்கச் சேர்க்கும் ரென்னெட் பல வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இத்தாலிய மூலவகை பர்மேசானில் அது கட்டாயம். தாவர ரென்னெட்டில் அல்லது நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்யப்பட்ட கெட்டிப் பாலாடைக்கட்டிகளும் கிடைக்கின்றன. உறையில் உள்ள விவரத்தையும் ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

பூண்டு: நறுக்கும்வரை அமைதி

முழுப் பூண்டுப் பல்லை முகர்ந்து பாருங்கள். அவ்வளவாக மணம் இராது. நசுக்கினால் வீடே மணக்கும். அந்த மணம் பூண்டுக்குள் முன்பே இருந்ததில்லை. நாம் நசுக்கும்போதுதான் பிறக்கிறது.

பூண்டின் உயிரணுவில் அல்லின் என்னும் மணமற்ற பொருள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்னும் நொதி மற்றோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கியதும் சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. சில நொடிகளிலேயே அல்லிசின் உருவாகத் தொடங்குகிறது. உறைப்பும் மணமும் அதனுடையவை. 1944-இல் அமெரிக்காவில் கவல்லிட்டோ, பெய்லி என்ற இரு ஆய்வாளர்கள் அல்லிசினைப் பிரித்தெடுத்தனர். தன்னைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டப் பூண்டு வைத்திருக்கும் ஆயுதம் இது.

அல்லினேஸ் நொதிக்கு வெப்பமும் ஆகாது, கடும் அமிலமும் ஆகாது. ஆகவே பூண்டின் காரத்தை நீங்களே கட்டுப்படுத்தலாம்:

- காரம் வேண்டுமென்றால், பூண்டை நசுக்கி இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டு, பிறகு புளிக்காடியில் போடுங்கள்.
- மென்மையாக வேண்டுமென்றால், புளிக்காடிக்குள்ளேயே பூண்டைத் துருவுங்கள். சுவர் உடையும் அதே நொடியில் அமிலம் நொதியைத் தடுத்துவிடும்.

ஒரே பூண்டு, ஒரே புளிக்காடி. வரிசையை மாற்றினால் சுவை மாறுகிறது.

சில சமயம் புளிக்காடியில் கிடந்த பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறும். பயப்படத் தேவையில்லை. பூண்டின் கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் சேர்ந்து உருவாக்கும் நிறம் அது. வட சீனாவில் லாபா பூண்டு என்ற பெயரில் வேண்டுமென்றே பச்சை நிறம் வரும்படி ஊற வைத்து உண்கிறார்கள்.

செய்முறை (நால்வருக்கு)

தேவையான பொருள்கள்:

- சூரியகாந்தி, சோயா அல்லது சோள எண்ணெய் - 90 மில்லிலிட்டர் (6 மேசைக்கரண்டி)
- 5 விழுக்காடு அமிலமுள்ள புளிக்காடி - 45 மில்லிலிட்டர் (3 மேசைக்கரண்டி)
- நுண்ணியதாகத் துருவிய முதிர்ந்த பாலாடைக்கட்டி - 15 கிராம் (3 மேசைக்கரண்டி)
- பூண்டு - பெரிய பல் 1
- கடுகு விழுது - 1 தேக்கரண்டி
- தேன் அல்லது சீனி - அரைத் தேக்கரண்டி
- மிளகுத்தூள் - கால் தேக்கரண்டி

செய்யும் வரிசை:

1. பூண்டைத் தோலுரித்துக் கழுவி, கட்டியில்லாமல் விழுதாக நசுக்குங்கள். மூன்று நிமிடம் காத்திருங்கள். நொதி வேலை செய்யட்டும்.

2. பூண்டை முழுவதும் புளிக்காடியில் மூழ்க விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். துண்டு சிறிதானால் அமிலம் விரைவில் உள்ளே ஊடுருவும். இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

3. கடுகு விழுது, தேன், மிளகுத்தூள் ஆகியவற்றைப் புளிக்காடியில் கலக்குங்கள். பால்மமாக்கி முதலில் நீர்ப்பகுதியில் பரவ வேண்டும்.

4. முள்கரண்டியால் அடித்துக்கொண்டே எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாகவும், பிறகு நூல்போலவும் ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் துளியாக உடைய வேண்டிய எண்ணெய் குளமாகத் தேங்கிவிடும்.

5. பாலாடைக்கட்டியைத் தூவி மீண்டும் அடியுங்கள். சுவைத்துப் பார்த்த பிறகே உப்பு சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள். பாலாடைக்கட்டியிலும் கடுகு விழுதிலும் ஏற்கெனவே உப்பு உண்டு.

எண்ணெய் ஏன் இரண்டு பங்குதான்? பல சமையல் நூல்கள் மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு புளிக்காடி என்று சொல்லும். அப்போது எண்ணெய் 75 விழுக்காடு ஆகிறது. ஒரே அளவுள்ள பந்துகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் அவை இடத்தில் ஏறக்குறைய 74 விழுக்காட்டையே நிரப்பும். கடைக்காரர் ஆரஞ்சுப் பழத்தை அடுக்கும் முறைதான் அந்த உச்சம். அதைத் தாண்டினால் துளிகள் ஒன்றையொன்று நசுக்கத் தொடங்கும். பால்மமாக்கி வலுவாக இல்லாவிட்டால் பால்மம் உடைந்துவிடும் அல்லது தலைகீழாகிவிடும். அதாவது, எண்ணெய்க்குள் புளிக்காடி துளிகளாகிவிடும். 67 விழுக்காட்டில் நமக்கு ஓரளவு இடைவெளி இருக்கிறது. புளிப்பும் கூடுகிறது. நம் நாக்கு புளிப்புக்குப் பழகியதுதானே.

தேங்காய் எண்ணெய் இதற்கு ஏற்றதல்ல. அது 24 பாகை செல்சியசை ஒட்டி உறையத் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கல்லாகிப் பால்மத்தை உடைத்துவிடும். ஆலிவ் எண்ணெயும் அங்கே கலங்கிக் கெட்டியாகும். வெளியே எடுத்துச் சிறிது நேரம் வைத்து மீண்டும் அடித்தால் சரியாகும்.

செய்து பாருங்கள்: இரண்டு சோதனைகள்

முதல் சோதனை. ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 20 மில்லிலிட்டர் எண்ணெய், 10 மில்லிலிட்டர் புளிக்காடி. முதல் புட்டியில் வேறொன்றும் வேண்டாம். இரண்டாவதில் கால் தேக்கரண்டிக் கடுகு விழுது. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி துருவிய பாலாடைக்கட்டி. நான்காவதில் இரண்டும். மூடியை இறுக்கி, ஒவ்வொன்றையும் 30 முறை குலுக்கி வையுங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை, தனியே பிரிந்து நிற்கும் படலத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்து அட்டவணையில் எழுதுங்கள்.

இதில் தற்சார்பு மாறி, சேர்க்கப்படும் பொருள். சார்பு மாறி, பிரிந்த படலத்தின் உயரம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று நீங்களே எழுதுங்கள். முதல் புட்டி மிக விரைவில் பிரிந்துவிடும். மூன்றாவதும் நான்காவதும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்து எழுதிவிட்டு, பிறகு உற்றறியுங்கள். ஊகம் தவறினாலும் பரவாயில்லை. ஏன் தவறியது என்று யோசிப்பதில்தான் பாடம் இருக்கிறது.

இரண்டாவது சோதனை. நீங்கள் செய்த வினிகிரெட்டில் ஒரு சொட்டை ஒரு குவளை நீரில் விடுங்கள். பால்போல் கலங்கிப் பரவினால், வெளியே நீரும் உள்ளே எண்ணெய்த் துளிகளும் உள்ள பால்மம் கிடைத்திருக்கிறது என்று பொருள். பரவாமல் எண்ணெய்ப் பொட்டாக மிதந்தால், அது தலைகீழ் வகை. எந்தத் திரவத்தில் பால்மமாக்கி நன்றாகக் கரைகிறதோ, அதுவே பொதுவாக வெளிப்பகுதியாக அமையும். இதைப் பேங்கிராப்ட் விதி என்பார்கள். நாம் கடுகை எண்ணெயில் கலக்காமல் புளிக்காடியில் கலந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சத்தை என்ன செய்வது?

இப்போது இரண்டாம் படியின் காரணத்திற்கு வருவோம்.

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் பரவலாக இருக்கின்றன. பூண்டு மண்ணுக்குள் விளைவது. எவ்வளவு கழுவினாலும் சில வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். காற்றுள்ள இடத்தில் அவை முளைப்பதில்லை. ஆனால் பூண்டை எண்ணெயில் மூழ்கடிக்கும்போது காற்று தடுக்கப்படுகிறது. பூண்டில் ஈரம் இருக்கிறது. அதன் அமிலத்தன்மையும் குறைவு. பிஎச் மதிப்பு 6-ஐ ஒட்டி இருக்கும். நம் நாட்டு அறை வெப்பமும் சேர்ந்தால், அந்த வித்துக்கு வேண்டிய எல்லாம் அமைந்துவிடும். முளைத்த பாக்டீரியா வெளியிடும் நச்சு, அறியப்பட்ட நச்சுகளிலேயே மிகக் கடுமையான ஒன்று.

இது வெறும் அச்சுறுத்தல் இல்லை. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், புட்டியில் அடைத்த எண்ணெய்ப் பூண்டைக் குளிரூட்டாமல் வைத்துப் பயன்படுத்திய ஓர் உணவகத்தில் உண்ட 36 பேர் பாட்டுலிசத்தால் பாதிக்கப்பட்டனர். 1989-இல் நியூயார்க் மாநிலத்தில் எண்ணெய்ப் பூண்டினால் மேலும் மூவர் பாதிக்கப்பட்டனர். அதன் பிறகு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய புட்டிகளில் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது.

பூண்டுதான் கிருமிகளைக் கொல்லுமே என்று சிலர் நினைப்பார்கள். அல்லிசினுக்கு அந்த ஆற்றல் ஓரளவு உண்டு. ஆனால் மேற்சொன்ன புட்டிகளில் இருந்ததும் பூண்டுதான். அதை நம்பிச் சேமிக்கக் கூடாது. நச்சு உருவான எண்ணெயில் நிறமோ மணமோ மாற வேண்டும் என்பதும் இல்லை. முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. கொதிக்க வைத்தால் நச்சு அழியலாம், ஆனால் வித்துகள் 100 பாகையையும் தாங்கி நிற்கும்.

நமக்குத் துணை அமிலம். பிஎச் 4.6-க்குக் கீழே இந்தப் பாக்டீரியா வளர முடியாது. 5 விழுக்காட்டுப் புளிக்காடியின் பிஎச் ஏறக்குறைய 2.4. ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, எண்ணெயில் அமிலம் அவ்வளவாகக் கரையாது. பால்மம் பிரிந்த பிறகு ஒரு பெரிய பூண்டுத் துண்டு மேலே எண்ணெயிலேயே தங்கிவிட்டால், கீழே உள்ள புளிக்காடி அதற்குப் பயன்படாது. ஆகவேதான் பூண்டை விழுதாக்கி, எண்ணெயைத் தொடுவதற்கு முன்பே புளிக்காடியில் ஊற வைத்தோம். இரண்டாவது, பாலாடைக்கட்டியின் பிஎச் 5-க்குச் சற்று மேல். அதன் புரதமும் பாஸ்பேட்டும் அமிலத்தை உறிஞ்சி பிஎச் மதிப்பை உயர்த்தும். சுவைக்காகப் பாலாடைக்கட்டியைக் கூட்டிப் புளிக்காடியைக் குறைத்தால், பாதுகாப்பையும் சேர்த்துக் குறைக்கிறீர்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பிஎச் தாள் இருந்தால், எண்ணெய் ஊற்றுவதற்கு முன் பாலாடைக்கட்டியுடனும் இல்லாமலும் கலவையைச் சோதித்துப் பாருங்கள். வேறுபாடு தெரியும். ஆய்வுக்கூடத்தில் சோதித்ததை உண்ண வேண்டாம்.

வீட்டிற்கான விதிகள் இவை:

- ஒரு வேளைக்கோ இரு வேளைக்கோ போதுமான அளவே செய்யுங்கள்.
- உணவு மேசையில் நெடுநேரம் வைக்காமல் உடனே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். 4 பாகை செல்சியசுக்குள் இருக்கட்டும்.
- மிச்சம் வைக்கும் எண்ணம் இருந்தால் பாலாடைக்கட்டியை உண்ணும் நேரத்தில் மட்டும் சேருங்கள்.
- புட்டியின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். நான்கு நாளுக்கு மேல் போனால் கொட்டிவிடுங்கள்.
- அமிலம் சேர்க்காமல் எண்ணெயில் மட்டும் போட்ட பச்சைப் பூண்டை ஒருபோதும் அறை வெப்பத்தில் வைக்காதீர்கள். நீண்ட நாளுக்கு வேண்டுமென்றால் உறைபதனப் பெட்டியே சரி.

பார்வை இரண்டாகத் தெரிவது, இமை சரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை பாட்டுலிசத்தின் அறிகுறிகள். பெரும்பாலும் உண்ட 12 முதல் 36 மணி நேரத்திற்குள் தோன்றும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் தசைகள் செயலிழப்பதுதான் உயிருக்கு ஆபத்து.

இலையின் மேல் ஊற்றும்போது

இலைகளின் மேல் மெழுகுப் படலம் உண்டு. நீரை ஊற்றினால் முத்துமுத்தாய் உருண்டு ஓடிவிடும். எண்ணெய் அந்த மெழுகில் ஒட்டும். புளிக்காடியை மட்டும் ஊற்றினால் அது கிண்ணத்தின் அடியில் தேங்கும். பால்மமாக்கி ஊற்றினால் எண்ணெயோடு சேர்ந்து புளிப்பும் ஒவ்வோர் இலையிலும் தங்கும். இலையைக் கழுவியபின் நீரை நன்றாக வடித்துவிடுங்கள். ஈரம் இருந்தால் சாறு வழுக்கி ஓடும்.

பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். உப்பு சவ்வூடு பரவல் மூலம் இலையின் நீரை வெளியே இழுக்கும். எண்ணெய் மெழுகுப் படலத்தின் வழியே ஊடுருவி இலையைத் துவளச் செய்யும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மொறுமொறுப்பு போயிருக்கும்.

இதற்கு விலை உயர்ந்த இறக்குமதிக் கீரைதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோஸ், கேரட், வல்லாரை, ஊலாம் ராஜா, சிறகவரை எல்லாம் பொருந்தும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. சிறிது எண்ணெயோடு உண்ணும்போதுதான் உடல் அவற்றை நன்றாக ஏற்கும். அதற்காக அள்ளி ஊற்ற வேண்டாம். 90 மில்லிலிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 745 கிலோகலோரி. நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 186.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ரப்பர்ப் பாலை உறையாமல் வைத்திருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அமிலம் செய்யும் வேலையோடு ஒப்பிட்டுக் காரணம் கூறுக.

2. எண்ணெய்த் துளியின் விட்டத்தை 0.01 மில்லிமீட்டரிலிருந்து 0.005 மில்லிமீட்டராகக் குறைத்தால் 90 மில்லிலிட்டர் எண்ணெயின் மொத்த மேற்பரப்பு எவ்வளவு?

3. பூண்டை முதலில் எண்ணெயில் வதக்கி, பிறகு நசுக்கினால் காரம் குறைவாக இருப்பது ஏன்?

4. உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெயும் பூண்டும் சேர்ந்த புட்டி ஏதும் இருக்கிறதா? அதில் அமிலம் உண்டா? எந்தத் தேதியில் வைத்தது?

முதல் மூன்று கேள்விகளுக்கு இந்தப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. நான்காவதற்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது. அதை இன்றே பார்த்துவிடுங்கள்.